ஐந்தரை சதவீதம் குறைத்துச் சொன்ன மெஷின்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அதே மாதிரி இருக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், அதை நம்பாதே, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், கடைசியில் சொல்ல வேண்டியது ஒன்றும் சொல்லாமல் போனை வைப்போம். அதனால் எழுதுகிறேன். முதலில் வீட்டுச் செய்தி. குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றியாயிற்று. உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறி இறங்குகிறாள், பழையபடி எல்லோருக்கும் புத்தி சொல்கிறாள். கீழ்க்கடை தையல்காரம்மா என் கால்சட்டைகளை இரண்டாவது முறையாகப் பிடித்துத் தைத்திருக்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு எடை பார்க்கும் மெஷின் வாங்கி வந்து குளியலறை வாசலில் வைத்தாய். கண்ணாடி மேல்பலகை, வெள்ளை எழுத்து, நல்ல மெஷின்தான். இருபத்திரண்டு வருடமாக ஊர் முழுக்க அடுத்தவன் தராசைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் வீட்டில் சொந்தமாக ஒரு தராசு இல்லை என்று நீதான் கிண்டல் செய்தாய். நான் அதைப் புரட்டிப் பார்த்து, வண்டியிலிருந்து எடைக்கல்லை எடுத்துவரட்டுமா என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நானே செக் பண்ணிட்டேன்பா, கல்லு வச்சுதான் பார்த்தேன், பத்து கிராம்கூடத் தப்பு இல்ல" என்றாய். எடைக்கல் வைத்துப் பார்க்காத தராசும் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்கிற ஆளும் ஒன்றுதான் என்று உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான். நீ செக் பண்ணியதை நான் மறுபடி செக் பண்ணினால் உன்னை நம்பாத மாதிரி ஆகும் என்று பேசாமல் விட்டேன். என் தொழிலில் அப்படி ஒருவரையும் விட்டதில்லை, என் முதலாளி சரிபார்த்ததைக்கூட ஒரு முறை கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவேன். உன்னை விட்டேன்.

அந்த மெஷின் எதற்கு வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். தானியக் கிடங்கில் வேபிரிட்ஜ், அதாவது லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் மேடை, பழுதான அன்று அதன் அடிக்குழிக்குள் வழக்கம்போல் நான்தான் இறங்கினேன். வேலையை முடித்துவிட்டு மேலே வரப் பார்த்தால் தோள் வருகிறது வயிறு வரவில்லை. குழியின் வாய் பதினாறு வருடமாக அதே அளவு, அதைக் கட்டும்போது அளந்து சொன்னவனும் நான்தான். என்னோடு வேலை பார்க்கிற கிரீஸ் மேலே நின்று என் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறான், பின்னால் ஏழு லாரி நிற்கிறது. அவனை உனக்குத் தெரியும், எப்போதும் சட்டையில் கிரீஸைத்தான் பூசிக்கொண்டிருப்பான். அந்த லாரிகளில் ஒரு டிரைவர் தலையை நீட்டி, "சார், குழிக்குள்ள இருக்கிறவர் எடையையும் என் லாரி கணக்குல ஏத்திடாதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், கிரீஸும் சிரித்தான், சிரித்ததில் பிடி நழுவி நான் மறுபடி உள்ளே போனேன். அதற்கப்புறம்தான் பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் 'விதிமுறை' என்று கூப்பிடுகிறவர், புதிதாக ஒரு தாள் ஒட்டினார். குழியிலிருந்து ஆளைக் கயிற்றில் தூக்கும் ராட்டினம் கருவிப் பையோடு சேர்த்து நூறு கிலோதான் தாங்கும், ஆகவே எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கிறவர் குழியில் இறங்கக்கூடாது, ஆறு மாதம் கழித்து வரும் மெடிக்கல் பரிசோதனையில் பார்க்கப்படும் என்று. தாளில் பெயர் இல்லை, படித்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் நான் சொன்னபடி கேட்ட உடம்பு இது. குனி என்றால் குனிந்தது, ஏறு என்றால் ஏறியது, எவ்வளவு போட்டாலும் எரித்தது. நாற்பதைத் தாண்டியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்சி மாறிவிட்டது. அதே சாப்பாடு, அதே வேலை, ஆனால் வருடத்துக்கு மூன்று கிலோ. ஷூ கட்டும்போது மூச்சை அடக்க வேண்டியிருந்தது, வண்டி பெல்ட்டை இழுத்து மாட்டுவதற்குள் கிரீஸ் ஒரு பாட்டு முடித்துவிடுவான், உன் பட்டமளிப்புப் புகைப்படத்தில் உன் பக்கத்தில் நிற்கிற பெரிய மனிதர் யார் என்று ஒரு நொடி யோசித்தேன். முன்னால் மூன்று தடவை குறைக்கப் பார்த்தேன், மூன்று தடவையும் இரண்டாம் வாரத்தில் விட்டேன், அது உனக்கும் தெரியும் உன் அம்மாவுக்கும் தெரியும். இந்தத் தடவை விடவில்லை. தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன், இரண்டாம் முறை பரிமாறுவதை நிறுத்தினேன், வண்டியைக் கம்பெனி வாசலில் விடாமல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பசி வரும் பார், பிஸ்கட் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவைத்திருக்கிறேன், கிரீஸ் பார்த்துவிட்டு "அண்ணே, மோப்பம் பிடிச்சே ரெண்டு பாக்கெட் காலி பண்ணிட்டீங்க" என்றான். திங்கட்கிழமை தோறும் காலையில் உன் மெஷினில் ஏறி எண்ணை உன்னிடம் போனில் சொல்வேன். முதல் திங்கள் 94.6. கடைசித் திங்கள் 84.2. ஒவ்வொரு வாரமும் நீ அங்கிருந்து "சூப்பர்பா, விடாதீங்கப்பா" என்றாய், உன் அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அடக்கமாகச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மெடிக்கலுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நர்ஸம்மா ஏறச் சொன்னார், ஏறினேன், 89.1 என்று காட்டியது. இறங்கி மறுபடி ஏறினேன், 89.1. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒன்பது பேர் வரிசையில் நிற்க, விதிமுறை கையில் பேனாவோடு பக்கத்தில் நிற்க, இந்த மெஷின் தப்பு, ஐந்து கிலோ கூட்டிக் காட்டுகிறது, இதை வைத்து ஒரு ஆளின் வேலையை முடிவு செய்யக்கூடாது, நான் இதே தொழில் பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா என்று பேசினேன். சத்தமாகவே பேசினேன். அந்த அம்மா குனிந்து மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "போன மாசம் செக் பண்ணிட்டுப் போன டெக்னீஷியன் சரியாப் பார்க்கலைன்னு எழுதிக்கட்டுமா சார், கையெழுத்து யாருதுன்னு தெரியல, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றார். என் கையெழுத்து. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. விதிமுறை தாளில் ஏதோ எழுதிவிட்டு மூன்று வாரம் கழித்து ஒரு மறுசோதனை தருகிறேன் என்றார், அதுவரை குழி வேலை கிடையாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியிலிருந்து இருபது கிலோ கல் நான்கையும் ஏற்றி வைத்தேன். எண்பது கிலோவுக்கு உன் மெஷின் 75.6 காட்டியது. இரண்டை இறக்கினேன், நாற்பதுக்கு 37.8. ஒன்று மட்டும் வைத்தேன், 18.9. பழசாகிக் கெட்டுப்போன மெஷின் இப்படி ஒரே சீராகத் தப்புச் சொல்லாது. எல்லா எடைக்கும் ஐந்தரை சதவீதம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதாவது அடியில் இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்து, மெஷின் ஐம்பது கிலோ வை என்று கேட்கும்போது, ஐம்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராமை வைத்து இதுதான் ஐம்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு என் பெட்டியிலிருந்து இருபது இரண்டு, பத்து ஒன்று, இரண்டு கிலோ ஒன்று, ஐந்நூறு கிராம் ஒன்று, இருநூறு கிராம் இரண்டு வேண்டும். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, நீ கிளம்பிய மறுநாள் இரண்டு கிலோ கல்லில் விரல் ரேகை இருந்தது. எடைக்கல்லை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம், அதற்காகக் கிரீஸை வண்டியில் வைத்து ஒரு மணி நேரம் திட்டினேன், அவன் நான் தொடவே இல்லை அண்ணே என்று சொல்லச் சொல்லத் திட்டினேன். போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, உங்க குடும்ப விஷயத்துக்கு நான் திட்டு வாங்கினேன், அவ்வளவுதானே, ஆனா அந்தப் பொண்ணு கணக்கு சுத்தம், கையுறை போட மட்டும் பழக்குங்க" என்றான். இந்த வீட்டில் அந்தப் பட்டன் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் அதைத் தொடவில்லை.

உன் அம்மா மறுக்கவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே, கத்தியை நிறுத்தாமல் சொன்னாள். வருடத் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனோம், அங்கே எடை பார்த்தார்கள், நான் அப்போது சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எண்ணைப் பார்க்கவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேனாம். அவள் பார்த்திருக்கிறாள். நூறைத் தாண்டியிருந்தது. அதை உன்னிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "குண்டாயிட்டீங்கன்னு நான் சொன்னா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க, மெஷின் சொன்னா தலையாட்டுவீங்க, அதான் மெஷினை விட்டே சொல்ல வச்சோம், அதுலயும் நூறுன்னு காட்டியிருந்தா அன்னைக்கே அதைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்பீங்க" என்றாள். போட்டிருக்க மாட்டேன் என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், "போன தடவை அளவு டேப்பை எங்க வச்சீங்க" என்று மட்டும் கேட்டாள். என் கண் தானாகப் பரண் பக்கம் போனது, டேப் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் செய்தது சரியாகிவிடாது. ஆறு மாதம் இரண்டு பேரும் நான் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் பொய் என்று தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறீர்கள். கடைசி மாதம் எண்பத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டேன் என்று நினைத்து நான் பிடியைத் தளர்த்தினேன், கம்பெனியில் ஒருவர் வேலை மாறிப் போனார், அந்த விருந்தில் கேக் மூன்று துண்டு தின்றேன். உண்மை தெரிந்திருந்தால் ஒரு துண்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். இதை நீ யோசிக்கவில்லை. பொய்யான அளவை நம்பி ஒருவன் வேலையை நிறுத்திவிடுவான் என்பது, தராசுக்காரன் மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் திருப்பிக் கணக்குப் போட்டேன். நான் தொடங்கியது 94.6 இல்லை, 100.1. மெடிக்கலில் 89.1. சரியாகப் பதினொரு கிலோ குறைத்திருக்கிறேன், உன் மெஷின் சொன்னதைவிட அறுநூறு கிராம் அதிகம். இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று காகிதத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தையல்காரம்மா பிடித்துத் தைத்தது பொய் இல்லை. குழியின் வாயில் இப்போது தோளும் வயிறும் சேர்ந்தே வரும், அதுவும் பொய் இல்லை. உன் தந்திரம் பலித்துவிட்டது, அதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. நான் நூறு என்று பார்த்துவிட்டு, மனதுக்குள் உடைந்து, மறுநாள் காலை எழுந்து நடக்கப் போயிருந்தால் அது என் வேலையாக இருந்திருக்கும். அப்படிப் போயிருப்பேனா என்று இனி ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வாய்ப்பை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். தராசு தப்புக் காட்டினால் நான் திருத்துவேன். அப்பாவால் இது தாங்காது என்று நீ மனதில் ஒரு அளவு போட்டு வைத்திருக்கிறாயே, அதை எந்தக் கல்லை வைத்து நான் திருத்துவது?

தானியக் கிடங்கில் பழைய மேடையை எடுத்துவிட்டுப் புதியது வைக்கிறார்கள், அடுத்த வாரக் கடைசியில் வேலை தொடங்குகிறது. பழையதை வைத்தவன் நான், புதியதையும் நான்தான் வைக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுசோதனை அடுத்த வெள்ளி. அன்றைக்கு 85 வராது, போகிற வேகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டேன், 86.5 வரும். கிரீஸ் ஒரு வழி சொன்னான், "ரெண்டு நாள் தண்ணி குடிக்காம, கம்பளி போர்த்திக்கிட்டு வேர்க்க வேர்க்க உட்காருங்கண்ணே, ஒண்ணரை கிலோ தானா இறங்கிடும், எடை பார்த்துட்டு அப்புறம் குடிச்சுக்கலாம்" என்றான். உன் அம்மாவும் அதைக் கேட்டுவிட்டுக் கம்பளியை வெயிலில் காயப் போட்டாள். நான் எடுத்து மடித்து உள்ளே வைத்தேன். 86.5 என்றால் 86.5 என்று நின்று வாங்கிக்கொண்டு வருவேன், புதிய மேடைக்கு வேறு ஒருவன் இறங்கட்டும், நான் மேலே நின்று கயிற்றைப் பிடிக்கிறேன். நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதும் அன்றைக்குத்தான்.

உன் அம்மாவோடு ஐந்து நாள் பேசவில்லை, முட்டையை நானே வேக வைத்துக்கொண்டேன், ஆறாம் நாள் உப்பு எங்கே என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. அவள் கண்ணெதிரே இருக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், இந்தக் கோபம் ஓடி முடிந்துவிடும். உன் விஷயம் அப்படி இல்லை. நீ இருக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை, உன் அறை எப்படி இருக்கும், மேலதிகாரி உன்னை எப்படி நடத்துகிறார், ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய், எல்லாம் நீ சொல்வதுதான். "சாப்பிட்டேன்பா, தூங்கினேன்பா, வேலை நல்லாத்தான்பா போகுது" என்று வாரா வாரம் சொல்கிறாய், நான் ஒரு வார்த்தையையும் கல் வைத்துப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தப் பன்னிரண்டு நாளாக அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் உன் குரல் கம்மியிருந்தபோது சளி என்றாயே, அது சளிதானா. வாடகை அறையை மாற்றியது ஆபீஸுக்குப் பக்கம் என்பதற்காகத்தானா. எதில் எத்தனை சதவீதம் குறைத்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பயப்படுவார், அப்பா தாங்க மாட்டார், அப்பா கத்துவார் என்று நீ அங்கே தனியாக வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று தெரியவில்லை. என் எடையைப் பற்றிச் சொன்ன பொய்யை ஒரு நாள் மறந்துவிடுவேன். இது என்னை விட மாட்டேன் என்கிறது.

அதனால் முதலில் நான் சொல்கிறேன். மெஷினைச் சரிசெய்துவிட்டேன், இன்று காலை 87.6. இதை உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணாதே, போனில் நாம் இரண்டு பேருமே நடிப்போம். எழுது. எப்படி இருக்கிறாய் என்று உள்ளதை உள்ளபடி எழுது, நல்லதாக இருந்தால் நல்லது, மோசமாக இருந்தால் மோசம், எனக்காக ஒன்றையும் குறைத்து எழுதாதே. கத்துவேன், இல்லை என்று சொல்லவில்லை, கத்திவிட்டு உட்கார்ந்து உன்னோடு சேர்ந்து பார்ப்பேன். என் காலுக்கடியில் நூறைத் தாண்டி இருந்தது என்று தெரிந்த அன்றும் நான் விழுந்துவிடவில்லை, அதை நீயும் உன் அம்மாவும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பும் மனசும் கெடாமல், நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நீ நெடுநாள் வாழ வேண்டும். கண் மருத்துவரிடம் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போ, ரசீதின் நகலைக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. இனிமேல் கொஞ்ச நாளைக்கு ரசீது கேட்பேன், பொறுத்துக்கொள்.

கோபம் தீராத, ஆனாலும் உன்னுடைய,
அப்பா